ஷேக் கடை மிக்சியும் பச்சை டம்ளரும்

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பேருந்து நிலையத்தின் சுரங்கப்பாதையிலிருந்து படியேறி வந்தால் முதலில் கண்ணில் படும் மில்க் ஷேக் கடையில் அவர் நிற்க ஆரம்பித்த பிறகு, அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. மிக்சி என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். கடையில் ஓடுகிற மெஷினுக்காவது பொத்தான் உண்டு, அணைத்தால் நின்றுவிடும். இந்த மனிதரை எந்தப் பொத்தானை அமுக்கி நிறுத்துவது என்பது கட்டிக்கொண்ட மனைவிக்கே பிடிபடாத விஷயம்.

வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மேடையைத் துடைப்பார். துடைத்த மேடையை மறுபடி துடைப்பார். பழக்கூடையை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் மாற்றி, அழகு பார்த்து, பழையபடி இடது பக்கமே வைப்பார். சாப்பாடும் நின்றபடிதான். கல்யாணப் புகைப்படத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் பிள்ளையார் பிடித்து வைத்தது போல் இருக்க, மாப்பிள்ளையின் முகம் மட்டும் கலங்கி விழுந்திருக்கும். ஒரு நொடி அசையாமல் நில்லுங்கள் என்று புகைப்படக்காரர் கெஞ்சியதுதான் மிச்சம்.

ஆனால் கைவேலையில் ஆளைக் குறை சொல்ல முடியாது. வாழைப்பழ ஷேக், சாக்லேட் ஷேக், ஸ்ட்ராபெர்ரி ஷேக் என்று எதைக் கேட்டாலும், பேருந்து கிளம்புவதற்குள் கையில் டம்ளர் இருக்கும். இருபது வயதில் இந்தக் கடைக்கே வேலைக்கு வந்தவர். முதலாளி ஓய்ந்துபோனபோது கடையை வாங்கிக்கொண்டு, அதே மேடைக்குப் பின்னால், அதே இடத்தில் நின்றார். அந்த இடத்தில் தரை ஓடு தேய்ந்து வெளுத்திருந்தது.

இப்படி ஓடுகிற காலுக்குத்தான் வினை வந்தது. புதுச் செருப்பு வலது காலின் சுண்டுவிரலைக் கடித்தது. கொப்புளம் உடைந்தது. நாலு நாளில் சரியாகிவிடும் என்று துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார். அது சரியாகவில்லை. ஓரம் கறுத்து, நடுவில் நீர் கசிந்து, ஒரு கட்டத்தில் வலியே இல்லாமல் போனது. வலி போய்விட்டதே என்று அவர் சந்தோஷப்பட்டார். ஆறாத புண்ணில் வலி போவது நல்லதுக்கில்லை என்று மனைவிக்குப் பட்டது. கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா விரலைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், திரும்ப விரலைப் பார்த்தார்.

"சர்க்கரை எகிறிக் கிடக்கு. அது இறங்கினாத்தான் புண் ஆறும். ஆறலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும். விரலோட நிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். என்ன வேலை பாக்கறீங்க?"

"ஷேக் கடைங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்படிச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?"

"நானா? ஷேக்கைத் தொடவே மாட்டேன் டாக்டரம்மா. விக்கிறவனே குடிச்சா கடை விளங்குமா?"

மனைவியும் ஆமாம் என்றாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. ஷேக் டம்ளரும் கையுமாக அவரைப் பார்த்தவர்கள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. எதிரே சாவி வெட்டுகிறவர் எத்தனையோ முறை கிண்டலடித்திருக்கிறார், "உன் கடைச் சரக்கை நீயே குடிக்க மாட்டேங்குற, அப்புறம் எந்த நம்பிக்கையில நான் குடிக்கறது?" என்று.

மாத்திரை எழுதினார்கள். புண்ணுக்குத் தினம் மருந்துக்கட்டு. டீயில் சர்க்கரை கிடையாது, பிஸ்கட் கிடையாது. பசிக்கிற நேரத்தில் இனிப்பில் கை போகாமல் இருக்க, கீரையும் வெள்ளரிக்காயும் சேர்த்து அடித்து ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னார் டாக்டரம்மா. "பச்சை ஸ்மூத்தின்னு சொல்றாங்களே, அதுதான். உங்களுக்குச் சொல்லியா தரணும், மெஷினே வச்சிருக்கீங்க" என்றார்.

விரல் போனால் என்ன, சுண்டுவிரல்தானே என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் உண்டு. அடுத்தவன் விரல் என்றால் எல்லோருக்கும் சின்னதாகத்தான் தெரியும். மிக்சிக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு விரலில் ஆரம்பித்துப் பாதம் வரைக்கும் போன கதைகளை மருத்துவமனை வராந்தாவில் காதாரக் கேட்டுவிட்டு வந்திருந்தார். நின்று பிழைக்கிறவனிடமிருந்து காலை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது? பேருந்தில் வீடு திரும்பும்போது உட்கார இடம் இருந்தும் உட்காராமல், கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்தபடி வந்தார்.

முதல் பச்சை டம்ளரை மனைவிதான் போட்டாள். பழைய துணிகளைப் பிரித்து அளவு சரிசெய்து தைத்துக் கொடுப்பது அவள் தொழில். எதையும் வீணாக்க மாட்டாள். அதனால் கீரையைத் தண்டோடு போட்டாள், வெள்ளரிக்காயைக் காம்போடு போட்டாள். மெஷின் திணறித் திணறி ஓடி நின்றது. மிக்சி ஒரு வாய் குடித்துவிட்டு, அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் விழித்தார்.

"மாடு அசை போட்டுப் பாதியில விட்ட மாதிரி இருக்கு."

"அப்ப நீங்களே போட்டுக்கோங்க. ஊருக்கெல்லாம் ஷேக் போடற கை, ஒரு பிடி கீரையை அடக்காதா?"

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. மறுநாளே கடையில் வேலையை ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இத்தனை வருஷமாகத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது தன் கையல்ல, சர்க்கரைப் பாகு பாட்டில் என்று. பழம் கொஞ்சம் புளித்திருந்தால் பாகு மூடிவிடும். பால் நீர்த்திருந்தால் அதையும் மூடிவிடும். கீரையிடம் அந்த வேலை நடக்கவில்லை. அவர் செய்த ஒவ்வொரு தப்பையும் அது நாக்கில் நிறுத்தி விசாரித்தது. ஒரு நாள் நார் தட்டியது. ஒரு நாள் நுரை பொங்கி, சோப்புத் தண்ணீர் போல வழிந்தது. இஞ்சி கூடிப்போன அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கை தானாகப் பாகு பாட்டில் பக்கம் நகரும். சனியனே என்று கையைத் திட்டி இழுத்துக்கொள்வார். தேன் விடலாமே, பேரீச்சம்பழம் போடலாமே, இயற்கைதானே என்று யோசனை சொன்னார் சாவிக்காரர். "இயற்கையா வந்தாலும் செயற்கையா வந்தாலும் விரல் ஒண்ணுதான்யா" என்று எரிந்து விழுந்தார் மிக்சி.

ஒரு வாரம் போல வீம்பாக நின்று வழியைக் கண்டுபிடித்தார். பசலைக்கீரையின் தண்டைக் கிள்ளி எறிந்துவிட்டு, இலையை மட்டும் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரோடு தனியாக ஓடவிட வேண்டும். விரலில் தொட்டுத் தேய்த்தால் நாரோ திப்பியோ தட்டக் கூடாது. அதற்கப்புறம் வெள்ளரிக்காய், தோலோடு. கசக்கிற நுனியை நறுக்கி எறிந்துவிட வேண்டும். புளிப்புக்குப் பச்சை ஆப்பிளில் சின்னத் துண்டு. நகத்தளவு இஞ்சி, நாலைந்து புதினா இலை. மெஷினை நிறுத்திய பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும், விதை சேர்ந்து அரைபட்டால் கசப்பு ஏறிவிடும். கடைசியில் ஐஸ், ஒரே ஒரு சுற்று.

சாவிக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். பாதியில் மூக்கை விட்டுவிட்டார். "பரவாயில்லையே! புல்லுக்கட்டைக் கரைச்சு வச்சிருப்பேன்னு நினைச்சேன்."

பலகையில் 'பச்சை, சர்க்கரை இல்லாதது' என்று எழுதி வைத்தார். நடைப்பயிற்சி முடித்துச் சுரங்கப்பாதை வழியாக வருகிறவர்கள், மாடியில் இருந்த பயிற்சி வகுப்பின் ஆசிரியைகள் என்று சிலர் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். மற்ற கூட்டமெல்லாம் வழக்கம்போல சாக்லேட், ஸ்ட்ராபெர்ரி பக்கமே நின்றது. மிக்சி தினம் ஒரு பச்சை டம்ளரைத் தனக்கென்று எடுத்து வைத்துக் குடித்தார். மனைவி இரவுச் சாப்பாட்டைக் குறைத்தாள். மாத்திரை ஒரு வேளை தவறவில்லை. இனி சர்க்கரை இறங்காமல் எங்கே போய்விடும் என்ற தெம்போடு இரண்டாவது பரிசோதனைக்குப் போனார்கள்.

சர்க்கரை இறங்கவில்லை. முன்னைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது.

"ஏமாத்தறது என்னை இல்லீங்க, உங்க காலை" என்றார் டாக்டரம்மா. "மாத்திரையைக் கூட்டித் தர்றேன். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா, சர்ஜனுக்குத்தான் எழுதித் தருவேன்."

செய்யாத திருட்டுக்கு அடிவாங்கியவன் போல மிக்சி வெளியே வந்தார். அன்றிலிருந்து வீட்டில் சமாதானம் இல்லை. மனைவி அவர் சட்டைப் பைகளைத் துழாவினாள், பையைக் கவிழ்த்துப் பார்த்தாள், பேசுகிற சாக்கில் கிட்டே வந்து வாயை மோந்து பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லிடுங்க. எங்க வச்சுத் திங்கறீங்க?"

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன். டீயில சர்க்கரை இல்ல, பிஸ்கட் இல்ல, ஒண்ணும் இல்ல. வேற என்னதான் பண்ணச் சொல்ற?"

"அப்ப சர்க்கரை எங்கேருந்து வருது? காத்துலேருந்தா?"

உட்கார்ந்தாலும் நின்றாலும் அதே நினைப்பு. நொண்டிக்கொண்டே அறைக்கும் வாசலுக்கும் நடந்தார். காலைத் தூக்கி வைத்து விரலைப் பார்ப்பார்; ஐந்து நிமிஷம் கழித்து, அதற்குள் மாறியிருக்குமோ என்று மறுபடி பார்ப்பார். கடையில் ஷேக்கைத் தப்பான ஆளுக்குக் கொடுத்தார். பயம் அவரைப் போட்டு அரைத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை, மனைவி தையல் மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டு அவரோடு கிளம்பினாள். "எங்க?" என்றார். "கடைக்கு" என்றாள். பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மேடைக்குப் பின்னால் மூலையில் உட்கார்ந்தாள். காவல்காரர் போல என்னைக் காக்கிறாயா என்று அவர் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

மத்தியானம் பயிற்சி வகுப்பு விட்டது. படியில் கூட்டம் இறங்கியது. மிக்சி பறந்தார். பாலை ஊற்றி, பழத்தைப் போட்டு, பாகை விட்டு, மெஷினை ஓடவிட்டு, டம்ளரில் விளிம்பு வரை நிரப்பி நீட்டினார். நீட்டிய கை திரும்பி வருவதற்குள் மற்றக் கையிலிருந்த ஜார் வாய்க்குப் போனது. அடியில் நின்ற நாலு மடக்கு தொண்டைக்குள் இறங்கியது. புறங்கையால் வாயைத் துடைத்து, ஜாரைக் குழாயடியில் அலசி, "அடுத்தது யாருக்கு?" என்றார். கண் முழுக்க வாடிக்கையாளர் மேலேயே இருந்தது.

தன் கண்தான் ஏமாற்றியதோ என்று நினைத்தாள் அவள். அடுத்த ஷேக்கைக் கவனித்தாள். அதற்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும்.

"என்னங்க, இப்ப என்ன குடிச்சீங்க?"

"எங்க குடிச்சேன்?"

"ஜாரை வாயில கவுத்தீங்களே!"

"அதுவா? அது ஜார் மிச்சம்" என்று சிரித்தார்.

"ஜார் மிச்சம்னா? அது ஷேக் இல்லாம வேற என்ன?"

அவர் நடிக்கவில்லை. டம்ளரில் ஊற்றினால்தான் ஷேக். ஜாரில் நிற்பது, ஜாரைக் கழுவுகிற வேலையில் ஒரு பகுதி. அந்தத் தொழிலில் ஊறிய அவருக்கு அது குடிப்பதாகவே படவில்லை, டாக்டரம்மா கேட்டபோதும் நினைவுக்கு வரவில்லை. மூச்சு விட்டீர்களா என்று யாராவது கேட்டால் எண்ணிச் சொல்வோமா?

மனைவி எழுந்து, தண்ணீர் வைத்திருந்த பெரிய ஜக்கைக் காலி செய்து மேடையில் வைத்தாள். "இனிமே மிச்சத்தை இதுல ஊத்துங்க. ஒரு சொட்டு வாய்க்குப் போச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊற்றினார். ஊற்றும்போதெல்லாம் ஜார் பாதி வழி வாய்ப்பக்கம் வந்து திரும்பியது. கூட்டம் குறைவதற்குள் ஜக் நிரம்பி வழிந்தது. பழுப்பும் ரோஜா நிறமும் வெள்ளையுமாகக் கலந்து, மேலே நுரை கட்டி நின்றது. அவள் இன்னொரு பாத்திரத்தைத் தேடினாள். மிக்சி அந்த ஜக்கையே பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே போய்ப் பழப்பெட்டி மேல் உட்கார்ந்தார். அவர் கடையில் உட்கார்ந்ததைச் சாவிக்காரர் அன்றைக்குத்தான் பார்த்தார், வேலையை விட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"வேலைக்கு வந்த புதுசுல முதலாளி சாப்பாடு தர மாட்டார்" என்றார் மிக்சி, மனைவியின் முகத்தைப் பார்க்காமல். "சம்பளம் மொத்தமும் வீட்டுக்குப் போயிடும். பசிக்குதுன்னு சொன்னா, ஜார்ல மிச்சம் இருந்தா குடிச்சுக்கோம்பார். அதனால எப்பவும் கொஞ்சம் கூடவே போட்டு அடிப்பேன். தெரிஞ்சேதான். அதுதான் எனக்கு மத்தியானச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு எல்லாம்."

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்ற மாதிரி விஷயமா அது? எனக்கே மறந்துபோச்சு. கைக்கு மறக்கல போலிருக்கு."

அவளுக்கு அழுகை வந்தது. அழுகிறாளா திட்டுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி, இறந்துபோன அந்த முதலாளியில் ஆரம்பித்துச் சர்க்கரையைக் கண்டுபிடித்தவன் வரைக்கும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பிறகு ஜக்கைத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். அது போய் முடிய வெகுநேரம் ஆனது.

மறுநாளிலிருந்து ஏற்பாடு மாறியது. ஜாரும் மெஷினும் அவள் கையில், மிச்சம் ஜக்கில். பழம் நறுக்குவது, கீரை ஆய்வது, ஆர்டர் கேட்பது அவர் பொறுப்பு, அதுவும் உட்கார்ந்தபடி. தையல் வேலை காலையில் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. மிக்சிக்கு அது சிறைவாசம். கால் சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்காது.

"ஐஸ் பத்தல."

"வெட்டுங்க."

"அவ்வளவு நேரம் ஓடவிட்டா மெஷின் சூடாயிடும்."

"நீங்க சூடாகாம இருந்தாப் போதும். வெட்டுங்க."

வெள்ளரிக்காயைக் காகிதம் போல மெலிசாக நறுக்கித் தள்ளினார். பசி எடுக்கிற நேரத்தில் கண் ஜார் பக்கம் போகும். அப்போது பச்சை டம்ளரை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகக் குடிப்பார். சில நாள் அதுவே ருசித்தது. சில நாள் அது வெறும் கீரைத் தண்ணீராகத்தான் இருந்தது, அவரும் அதை மறைக்கவில்லை. மருந்துக்கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கறுத்த ஓரம் உதிர்ந்தது. கசிவு நின்றது. ஒரு நாள், தொட்டபோது சுரீர் என்று வலித்தது. வலிக்கிறது, வலிக்கிறது என்று அவர் கூவியதில் பக்கத்து வீட்டார் பதறி ஓடி வந்தார்கள்.

டாக்டரம்மா இந்த முறை தாளைப் பார்த்து, விரலைப் பார்த்து, அதோடு நிறுத்திக்கொண்டார். "பிழைச்சுது. சர்ஜன் வேண்டாம். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க." அன்றைக்குப் பேருந்தில் மிக்சி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். தெரியாத ஆளிடமெல்லாம் காலைக் காட்டாத குறை.

மத்தியானக் கூட்டத்துக்குக் கடைக்கு வந்துவிட்டார்கள். சாவிக்காரருக்கு ஒரு பச்சை டம்ளரைச் சும்மாவே கொடுத்து, விரலின் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார் மிக்சி. மனைவியின் கை இப்போது அவர் கைக்குச் சளைத்ததில்லை. பாலை ஊற்றினாள், பாகை விட்டாள், மெஷினை ஓடவிட்டாள், டம்ளரை நிரப்பி நீட்டினாள். கதை பாதியில் நின்றது. வெள்ளரிக்காய் மேல் வைத்த கத்தி அப்படியே நின்றது.

அவள் ஜாரை அண்ணாந்து வாயில் கவிழ்த்தாள். புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். குழாயடியில் ஜாரை அலசினாள். "அடுத்தது யாருக்குப்பா?"

மிக்சி ஜக்கைப் பார்த்தார். அது மேடை ஓரத்தில் காய்ந்து கிடந்தது, உள்ளே தூசி படிந்திருந்தது. அதை அவள் கடைசியாக எப்போது கொட்டினாள் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, இப்ப என்ன குடிச்ச?"

"நானா?" அவள் ஜாரில் அடுத்த பாலை ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. "நான் எங்க குடிச்சேன்?"

தன் விரலுக்காக ஒரு நாளும் வராத பயம் அப்போது அவருக்கு வந்தது. எழுந்தார். அவள் கையிலிருந்த ஜாரை வாங்கிக் கீழே வைத்தார். வரிசையில் நின்றவர்களிடம், "கடை மூடறோம்பா, ஷேக் கிடையாது, போங்க" என்றார். கூட்டம் முணுமுணுத்தது.

"கிளம்பு. டாக்டரம்மாகிட்ட போலாம்."

"காலையிலதானே போயிட்டு வந்தோம்! இன்னும் எதுக்குங்க? அதான் உங்களுக்குச் சரியாப் போச்சே!"

அவர் ஷட்டரை இழுத்துவிட்டார்.